தயாளன் வண்டிக்கு ஒரு மனு

தயாளன் என்ற பெயர் கோகிலவாணியின் காதில் முதன்முதலாக விழுந்தது, அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம். வந்தவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய செல்லியத்தை, அதாவது அப்பாவுக்கு மூத்த அக்கா, வெற்றிலையை மடித்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துவைத்தாள்.

“மாமியா இல்ல, போய்ச் சேந்துட்டா. மாமனாரு சாது. மாப்ள ஏகநாதன் வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமோன்னு பயப்படுற ஆளு, அவனால ஒனக்குத் தொந்தரவு கெடையாது. ஒரே ஒரு கொழுந்தன். தயாளன்னு பேரு. அதுதான் கொஞ்சம் பேஜாரு. இஸ்கோலுக்குப் போறேன்னு கெளம்பி, தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு எந்த வண்டி எப்போ கெளம்புதுன்னு பாத்துகினு கீதாம் அந்தப் புள்ள.”

கோகிலவாணி பள்ளிக்கரணையில் நாலாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஸ்கூலுக்குப் போகாமல் இருப்பது அவளுக்கு ஒரு குற்றமாகவே படவில்லை. ‘பஸ்ஸு பாக்குற கொழுந்தன்’ என்று மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணம் எண்பத்து மூன்றில் நடந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் இரும்புலியூருக்கு அழைத்துப்போன வேனில் அந்தப் பையன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேளச்சேரி ரோட்டில் வரும்போது திரும்பிப் பார்த்து, அண்ணியிடம் முதல் பேச்சாகச் சொன்னது இதுதான்: “அண்ணி, இந்த டிரைவரு நாலாவது கியரு போடவே பயப்படுறாரு. நானா இருந்தா இன்னேரம் ஆரத்தியே முடிஞ்சிருக்கும்.”

தாலி கட்டியதிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு கோகிலவாணிக்கு அப்போதுதான் வந்தது.

பிறகு அவன் ஆசைப்பட்டபடியே ஆனான். லாரியில் கிளீனர், தண்ணீர் வண்டியில் டிரைவர், அப்புறம் அரசாங்க பஸ். தாம்பரத்திலிருந்து பிராட்வே, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு என்று இருபத்தாறு வருஷம் ஓட்டினான். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஞானஜோதி அவன் வண்டியில் தினமும் ஏறி இறங்கியவள். அவளையே சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டான். வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்தியது கோகிலவாணிதான். ஏகநாதனின் ஹார்டுவேர் கடை மேலே வந்த பிறகு, வீட்டைப் பெரிதாகக் கட்டி, கீழ்ப்பகுதியைத் தம்பிக்குக் கொடுத்தார். குழந்தை பிறக்கவில்லை என்ற குறை கீழ்வீட்டில் இருந்தது. அண்ணன் மகள் வினிதா பாதி நாள் கீழேதான் வளர்ந்தாள்.

சர்க்கரை வியாதி தயாளனுக்கு நாற்பதிலேயே வந்துவிட்டது. கட்டிக்கொண்டவள் நர்ஸாக இருந்தும் அவன் கேட்கவில்லை. செங்கல்பட்டில் பரோட்டா, வண்டலூரில் டீ. ஐம்பத்திரண்டு வயதில் வலது பாதத்தில் ஒரு புண் வந்தது. முதலில் விரல், அப்புறம் கணுக்காலுக்கு மேலே வரைக்கும் எடுத்துவிட்டார்கள். டிப்போவில் இரக்கப்பட்டு, கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு, வெளியே போகும் வண்டி நம்பரை எழுதும் வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் எழுதினான். நாலாவது மாதம் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

“ஏன் தம்பி, ஒக்காந்த எடத்துல சம்பளம் வருது. அது கசக்குதா?” என்று கோகிலவாணி கேட்டாள்.

“எல்லா வண்டியும் என் முன்னாடியே போவுது அண்ணி. நான் நம்பரு எழுதிகினு ஒக்காந்துகீறேன். என்னால ஆவல.”

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்தைக் கோகிலவாணி நினைக்கவே விரும்புவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். டீ கொண்டுபோய் வைத்தால் ஆறி, ஆடை கட்டிக் கிடக்கும். செயற்கைக் கால் வாங்கியது மூலையில் சாத்தியபடி இருந்தது. சர்க்கரை நானூறைத் தொட்டது. ஞானஜோதி டூட்டிக்குப் போகும்போது, “அக்கா, கொஞ்சம் எட்டிப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த நிலையிலிருந்து அவனை எழுப்பியது ஒரு விளையாட்டு. வினிதா கல்யாணமாகிக் கீழ்க்கட்டளையில் இருந்தாள், கம்ப்யூட்டர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய டிவியும் ஒரு ஸ்டீயரிங்கும் மூன்று பெடலுமாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெளிநாட்டுக் கம்பெனி செய்த பஸ் ஓட்டும் கேம். அதன் இங்கிலீஷ் பெயர் கோகிலவாணியின் வாயில் கடைசி வரைக்கும் நுழையவில்லை. அதில் ஊர் ஊராக ரோடு உண்டு. யாரோ ஆசை பிடித்த பிள்ளைகள் நம்முடைய ஜி.எஸ்.டி. ரோட்டையே பார்த்துப் பார்த்து வரைந்து அதில் சேர்த்திருந்தார்கள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு எல்லாம் இருந்தன. பெடலை இடது காலுக்கு மாற்றி வைத்துக்கொள்ளவும் அதில் வழி இருந்தது.

முதல் நாள் தயாளன் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஸ்டீயரிங்கு சைக்கிள் ரிம்மு மாதிரி கீது” என்றான். மூன்றாம் நாள் அவனே திருமுடிவாக்கத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் ஜெயவேலுவுக்குப் போன் போட்டான். ஜெயவேலு பழைய பஸ் ஒன்றின் டிரைவர் சீட்டைத் தேடிப்பிடித்து, இரும்புச் சட்டம் அடித்து, டிவிக்கு முன்னால் பொருத்திக் கொடுத்தான்.

அன்று முதல் காலை ஐந்தரைக்குக் கீழ்வீட்டிலிருந்து இன்ஜின் சத்தம் கேட்கும். குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவான். மூலையில் கிடந்த செயற்கைக் கால் மாட்டப்பட்டது. டிரைவர் என்றால் இரண்டு காலோடுதான் சீட்டில் ஏற வேண்டுமாம். அந்த கேமில் ஒரு டிப்போவும் உண்டு. ஊர் ஊராக, தேசம் தேசமாக ஆட்கள் அதில் சேர்ந்து வண்டி எடுப்பார்கள். போலந்து நாட்டில் டிராம் ஓட்டி ரிடையர் ஆன ஒருத்தர் தயாளனுக்கு நல்ல சினேகிதமாகிவிட்டார். அவருக்கும் இங்கிலீஷ் வராது, இவனுக்கும் வராது. அதனாலேயே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். சர்க்கரை நூற்றைம்பதுக்கு இறங்கியது. டீ சூடாக இருக்கும்போதே காலியானது. ஐந்து வருஷம் நன்றாகப் போயிற்று.

போன வருஷம் ஆனி மாதம் அந்தச் செய்தி வந்தது. கம்பெனிக்காரன் டிசம்பர் முப்பத்தொன்றோடு எல்லாவற்றையும் நிறுத்துகிறானாம். தயாளன் அதை மூன்று தடவை டிவியில் பார்த்துவிட்டு, வினிதாவைக் கூப்பிடச் சொன்னான். கோகிலவாணியும் கீழே இறங்கிவந்து நின்றாள்.

“நிறுத்துனா நிறுத்திட்டுப் போறான். நம்ம வண்டி நம்ம வூட்லதான கீது?” என்றாள் கோகிலவாணி.

“வண்டி இங்கதாம்மா இருக்கு. ஆனா சாவி அவன்கிட்ட இருக்கு. சித்தப்பா தெனமும் ஸ்டார்ட் பண்றப்போ, அங்கேர்ந்து அவன் சாவி அனுப்பறான். தனியா ஓட்டினாலும் அதே கததான். ஜனவரிலேர்ந்து அனுப்ப மாட்டான்.”

“துட்டு குடுத்துத்தானடி வாங்குன?”

“வாங்கலியாம்மா. ஓட்டிக்கறதுக்கு அனுமதிதான் வாங்கியிருக்கோமாம். கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கான்.”

“இது இன்னாடி அநியாயமா கீது! உங்கப்பா கடையில ஒருத்தன் சுத்தி வாங்கிகினு போறான். நாளைக்கு உங்கப்பா கடையச் சாத்திட்டா, அந்த சுத்தி ஆணி அடிக்க மாட்டேன்னு சொல்லுமா?”

வினிதா சிரித்துவிட்டாள். “இதையேதாம்மா ஐரோப்பால பத்து லட்சம் பேருக்கு மேல கேட்டுக் கையெழுத்து போட்டிருக்காங்க. காலத்துக்கும் கம்பெனி நடத்துன்னு யாரும் கேக்கல. மூடிட்டுப் போறப்போ, வாங்கினவங்க வச்சு ஓட்டிக்கற மாதிரி விட்டுட்டுப் போன்னுதான் கேக்கறாங்க.”

போலந்துக்காரரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். தயாளனும் போடப் பார்த்தான். அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்று மிஷின் தள்ளிவிட்டது. சீட்டில் ஏறிக் கூடுவாஞ்சேரி வரைக்கும் போய் வந்தான். வந்து இறங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

அந்தச் சுவரைக் கோகிலவாணிக்குத் தெரியும்.

“தம்பி, அவனுங்க மனு அவனுங்களுக்கு. நமக்கு மனு குடுக்கத் தெரியாதா? இந்தத் தெருவுல சாக்கடைக்குக் குடுத்தோம், கம்பத்து லைட்டுக்குக் குடுத்தோம், ரயில்வே கேட்டுக்குக் குடுத்தோம். வண்டிக்கும் குடுப்போம். எழுந்திரு.”

தெரு நலச்சங்கத்தின் செயலாளர் பட்டாபிராமன். டெலிபோன் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். மனு எழுதுவதென்றால் அவருக்குப் பண்டிகை மாதிரி. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நியாயமான கோரிக்கை. டெல்லியில நுகர்வோர் துறைக்கு ஒண்ணு, கம்பெனிக்காரனோட பெங்களூர் ஆபீசுக்கு ஒண்ணு, நம்ம ஃபைலுக்கு ஒண்ணு. ஆனா தயாளன், ஒத்தை ஆள் எழுதினா அது லெட்டர். நூறு பேர் போட்டாத்தான் மனு. கையெழுத்து வாங்குங்கோ.”

‘பொருள்: விலை கொடுத்து வாங்கிய பஸ் விளையாட்டினை, நிறுவனம் சேவையை நிறுத்திய பின்பும் வாங்கியவர் இயக்கிக்கொள்ள வழிசெய்து தரக் கோருதல் தொடர்பாக’ என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். கூடவே கோடு போட்ட தாள் இருபது. வரிசை எண், பெயர், விலாசம், கையொப்பம்.

வீடு வீடாக மாடி ஏறி இறங்குவது தயாளனால் ஆகாது. கோகிலவாணி தாளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஆடி மாதத்துத் திடீர் மழை. குடையும் பையுமாக ஆறு நாள் நடந்தாள். ஏழாம் நாள் காலையில் தாள்களைக் கொண்டுவந்து கொழுந்தன் மடியில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்.

சேதி கேட்டுக் கீழ்வீட்டுக்கு வந்த பட்டாபிராமன் முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு எல்லாத் தாளையும் மேஜைமேல் பரப்பினார்.

“ஏம்மா, எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே?”

“நான்தான் எழுதுனேன். பின்ன யாரு எழுதுவா?”

“பேரை நீங்க எழுதலாம். கையெழுத்தை அவா அவாதானே போடணும்? இதோ பாருங்கோ. வேதாசலம்னு கையெழுத்து இருக்கு, சரி. அதுக்குக் கீழ அவர் சம்சாரம், மூத்த மகன், மருமகள், சவூதியில இருக்கற ரெண்டாவது மகன், பேத்தி. கையொப்பத்துக்கு நேரா எல்லாருக்கும் ‘மேற்படியார்’னு போட்டிருக்கேள்.”

“பத்திரத்துல அப்டித்தான போடுறாங்க?”

“சவூதியில இருக்கறவர்கிட்ட கேட்டேளா?”

“வூட்டுப் பெரியவர்ட்ட கேட்டேன். அவரு சரின்னாரு. கல்யாணப் பத்திரிக வெக்கிறோம், வூட்டுப் பெரியவருக்குத்தான வெக்கிறோம்? ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியாவா தட்டு நீட்டுறோம்? எல்லாருக்கும் சேத்துத்தான் அது.”

பட்டாபிராமன் இன்னொரு தாளை எடுத்தார். “இங்க என்ன? ‘பேரன், இன்னும் பேர் வைக்கவில்லை’?”

“போன வாரந்தான் பொறந்துச்சு. அதுக்கு நான் இன்னா பண்றது?”

பட்டாபிராமன் சிரித்துவிட்டார். தயாளன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகக் கையில் எடுத்துப் பார்த்தான். அந்த ஆறு நாளும் அண்ணி எப்படி நடந்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். யார் யாருக்கு யார், எந்த மகன் எந்த ஊரில், எந்த மருமகள் எந்த வீட்டிலிருந்து வந்தவள் என்று ஒன்று விடாமல் நினைவில் வைத்து, எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறாள். அவள் கேட்காத குடும்பம் அந்தத் தெருவில் இல்லை. ஆனாலும் அவன் ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் கேட்டு வாங்கினான்.

“அண்ணி, கோச்சிக்காத. செக்கிங்கு ஏறுனான்னா டிக்கெட் இல்லாதவன எறக்கி விட்ருவான். கூட சேந்து டிக்கெட் வாங்குனவன் பேரும் கெட்டுப்பூடும். நாமளே எறக்கிடலாம்.”

ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தான். அவரவர் கையால் போட்ட கையெழுத்தை மட்டும் விட்டான். அதிலும் ‘எல்லாருக்காகவும்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் சந்தேகம் என்று அடித்தான். வேதாசலத்தின் பெயர் அப்படித்தான் போயிற்று. முடித்தபோது எழுபத்து மூன்று பேர் மிஞ்சினார்கள்.

கோகிலவாணி வெறும் பையை எடுத்து மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. டீ வேலைக்காரியிடம் கொடுத்து அனுப்பப்பட்டது. ஏகநாதன் சாப்பிடும்போது, “நீ பண்ணது தப்புதான்” என்று நாலு வார்த்தை பேசினார். வருஷத்துக்கு ஒரு தடவை பேசும் மனிதர் அதற்குத்தானா பேச வேண்டும் என்று அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பட்டாபிராமனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சங்கத்தில் எந்தப் பட்டியல் தயாரானாலும், ஆட்சேபணை இருந்தால் சொல்லட்டும் என்று பால் பூத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். இதையும் ஒட்டினார். அடித்தது அடித்தபடி, சிவப்புக் கோடு போட்டது போட்டபடி, இருபது தாளும்.

பெயர் விஷயத்தில் அந்தத் தெரு எப்படிப்பட்டது என்று இங்கே சொல்ல வேண்டும். தயாளன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது, பெரியப்பா மகன் வேதாசலத்தின் பெயர் பிரஸ்காரன் தவறால் விட்டுப்போனது. பங்காளிகளில் மூத்தவர் அவர். அதற்காகப் பதினோரு வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏகநாதனின் அப்பா இறந்த அன்று வந்தவர், துக்கம் விசாரித்த கையோடு, “பத்திரிகயில என் பேர உட்டது உட்டதுதான்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, கையில் பால் பாக்கெட்டோடு வேதாசலம் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். வயது எழுபத்தெட்டு. குரலுக்கு மட்டும் முப்பது.

“டேய் தயாளா! எம்பேரு மேல கோடு போட்டது யாருடா? வோட்டர் லிஸ்டுலயே செத்தவன் பேரத்தான் அடிப்பான். நான் செத்துட்டனா? வந்து பாருடா, நிக்கிறேன்!”

அவருக்குப் பின்னால் அவருடைய சம்சாரம், மருமகள். அதற்குள் எதிர்வீட்டு அம்மா. அவளுக்குப் பின்னால் இஸ்திரி வண்டிக்காரர். பால் வாங்க வந்த கூட்டம் பாதி அப்படியே கீழ்வீட்டு வாசலில் வந்து நின்றது. பெயர் அடிபட்ட வீடுகளிலிருந்து ஆள் ஆளாக வந்துகொண்டே இருந்தார்கள்.

“எங்க வூட்ல ஆறு பேரு. ஆறு பேர் மேலயும் கோடு. நாங்க ஒனக்கு இன்னாப்பா பண்ணோம்?”

“கோகிலாக்கா வந்து கேட்டப்போ சரின்னுதான சொன்னேன்? சொல்லிட்டு மாத்திப் பேசற ஆளா நான்?”

கோகிலவாணிக்கு மேலே இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி வந்தாள். வேதாசலம் அவளைப் பார்த்ததும், “கோகிலா, நீ எழுதுனத இவன் எப்டி அடிச்சான்? நீயே சொல்லு!” என்றார்.

இரண்டு நாளாக அவள் மனதில் இருந்ததும் அதுதான். சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஆனால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள்.

“தப்பு என்னுதுதான் மாமா. பத்திரிக வெக்கிற மாதிரி நெனச்சிட்டேன். அவன் அடிச்சது சரிதான். இப்போ இன்னா, தோ தாளு கீது, பேனா கீது. வந்ததுதான் வந்தீங்க, உங்க கையால போட்டுட்டுப் போங்க.”

தயாளன் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தான். “எதுக்குன்னு தெரியாம யாரும் போட வேணாம். மொதல்ல பாருங்க.” காலை மாட்டிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, வண்டியை எடுத்தான்.

டிவியில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பின்னால் போயிற்று. இரும்புலியூர் மேம்பாலம் வந்தது. வாசலிலும் ஜன்னலிலும் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வேதாசலம் ஒரு நாற்காலியை இழுத்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பெருங்களத்தூர்ல நிறுத்துடா. அங்கதான் எம்பொண்ண குடுத்துகீறேன்.”

“படில நிக்காதீங்க, உள்ள வாங்க” என்றான் தயாளன், திரும்பாமலே.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இடது காலை மெதுவாக அழுத்தினான். வண்டி ஸ்டாப்பில் குலுங்காமல் போய் நின்றது.

கோகிலவாணி ஐந்து வருஷமாகத் தினமும் டீ வைத்துவிட்டுப் போகிறவள். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தாள். தோள் தளர்ந்து, வாய் லேசாக மூடி, கண் மட்டும் ரோட்டில். அவன் அரசாங்க பஸ் ஓட்டிய நாளில், கைக்குழந்தை வினிதாவோடு முன்சீட்டில் உட்கார்ந்து அவள் பார்த்த அதே முகம். இது நிற்கப் போகிறது என்பது அவளுக்கு அதுவரை ஒரு சேதியாகத்தான் இருந்தது. இப்போது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அன்று மதியம் வரைக்கும் கையெழுத்து நடந்தது. எழுதத் தெரியாத நாலு பேர் கைநாட்டு வைத்தார்கள். கீழ்க்கட்டளையிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் மகன்களும் மருமகள்களும் லீவு நாளில் வந்து போட்டார்கள். வேதாசலத்தின் சவூதி மகன் போனில் வந்து, “சித்தப்பா, எம்பேர விட்டுட்டு அனுப்பிடாதீங்க” என்று கெஞ்சி, ஒரு தாளில் தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினான். பெயர் வைக்காத பேரனை மட்டும் தயாளன் சேர்க்கவில்லை. மொத்தம் முந்நூற்று இரண்டு. கடைசி வரியில் கோகிலவாணி தன் பெயரை எழுதி, தன் கையெழுத்தைத் தானே போட்டாள். முந்தின இருபது தாளில் எல்லாருக்கும் போட்டவள், தனக்குப் போட மறந்திருந்தாள்.

பதிவுத் தபாலில் டெல்லிக்கும் பெங்களூருக்கும் போயிற்று. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டைகள் இரண்டும் திரும்பி வந்தன. டெல்லியிலிருந்து, மனு கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் வந்தது. பெங்களூரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று, மதியம் மூன்றரைக்கு நிறுத்துகிறார்கள் என்று தெரிந்திருந்தது. தயாளன் இரண்டு மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து வண்டியைத் திருப்பினான். மூன்றே காலுக்கெல்லாம் டிப்போவில் கொண்டுபோய், வரிசையில் நேராக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டான். பக்கத்து வரிசையில் போலந்துக்காரர் வண்டியும் வந்து நின்று, இரண்டு தடவை ஹாரன் அடித்தது. இவனும் அடித்தான். கொஞ்ச நேரத்தில் டிவி கருப்பாகி, ஒரே ஒரு வரி எழுத்து வந்தது. ஞானஜோதி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அவள்தான் ஸ்டீயரிங்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள்.

பொங்கல் வந்தது, போயிற்று. அவன் காலையில் எழுந்து குளித்து, காக்கிச் சட்டை போடாமல் உட்கார்ந்திருப்பான். சர்க்கரை இருநூற்றெண்பது. கோகிலவாணி எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு அரைமணிக்கு ஒரு தடவை கீழே இறங்கினாள்.

“இன்னா அண்ணி, செக்கிங்கா?” என்றான் ஒருநாள்.

“ஆமா. டிக்கெட் எடு.”

“கவலப்படாத. செவுத்தப் பாத்து ஒக்கார மாட்டேன். முந்நூத்தி ரெண்டு பேரு வந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிகீறாங்க. அதுக்கப்புறமும் திரும்பி ஒக்காந்தா மரியாத இல்ல.”

சொன்னபடியே இருந்தான். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம், “தயாளா, லெட்டர் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேதாசலம் தினமும் கேட்டார்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை வினிதா ஆபீசிலிருந்தே போன் செய்தாள். கம்பெனிக்காரன் கேமை வாங்கினவர்களுக்கெல்லாம் ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறான். அதைப் போட்டுக்கொண்டால் அவனிடம் சாவி கேட்காமலே வண்டி கிளம்பும். காரணம் எதுவும் எழுதவில்லை. ‘பயனர்கள் பலரின் வேண்டுகோளை ஏற்று’ என்று மட்டும் இருந்தது.

வேண்டுகோள் யாருடையது என்பதில் தெருவில் இன்றுவரை ஒருமனது இல்லை. ஐரோப்பாவில் அத்தனை லட்சம் பேர் கேட்டதால் என்பது தயாளன் கட்சி. பெங்களூருக்குப் போன பிரதிதான் வேலை செய்தது என்பது பட்டாபிராமன் கட்சி. தன் கையெழுத்து இல்லாமல் போயிருந்தால் நடந்திருக்காது என்று வேதாசலம் உறுதியாக நம்புகிறார். கோகிலவாணி எந்தக் கட்சியிலும் இல்லை. அன்று சாயங்காலம் வினிதா வந்து ஃபைலைப் போட்டதும், பெட்ஷீட்டை எடுத்து மடித்தவள் அவள்தான்.

இன்ஜின் சத்தம் கேட்டது. வண்டி டிப்போவைவிட்டு வெளியே வந்தது. வேறு ஒரு வண்டியும் இல்லை. போலந்துக்காரரும் இல்லை. தேசம் தேசமாக ஆட்கள் கூடிய அந்த டிப்போ போனது போனதுதான்.

“ரோடு காலியா கீது அண்ணி,” என்றான் தயாளன். கொஞ்ச தூரம் போன பிறகு, “ஓடுது. அது போதும்” என்றான்.

தயாளனுக்கு இப்போது அறுபது வயது. இரும்புலியூரில் அண்ணன் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஞானஜோதியோடு இருக்கிறான். காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கிறான், ஏழரைக்கு வந்து டீ குடிக்கிறான்.